மல்லாவியில் இருந்து லண்டன் பத்திரிகைகள்: எதற்குக் காசு கட்டலாம்?

பிரித்தானிய அரசியலை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள எதை வாசிக்கலாம், எதற்குக் காசு கட்டலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளைகளை லண்டனுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் தாய் தகப்பன்மார். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும் கேட்பதுண்டு. நான் வன்னியில் உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். ஹரோவில் இருக்கும் அக்காவின் மகன், என் பெறாமகன், எனக்காகச் சில பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டியிருக்கிறான். மற்றவற்றைக் காசில்லாமல் கைபேசியில் வாசிக்கிறேன். எது தேறும், எது தேறாது என்று எழுதுகிறேன்.

"சின்னம்மா, உதையெல்லாம் வாசிச்சு உங்களுக்கு என்ன வரப்போகுது?" என்று அவன் கேட்பான். வரும். 1980களில் கீனி மீனி என்ற பிரித்தானியக் கூலிப்படைக் கம்பனி ஒன்று வந்துதான் இங்கே விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. அந்தக் காலத்து இலங்கைக் கோப்புகளில் ஏறக்குறைய 200ஐ லண்டன் வெளியுறவு அலுவலகம் அழித்துவிட்டது. 2025 மார்ச்சில் சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, கருணா அம்மான் ஆகிய நான்கு பேருக்குத் தடை விதித்ததும் அதே அலுவலகம்தான். அங்கே யார் யாருக்கு வேண்டியவர், யார் யாருடைய பத்திரிகையை வைத்திருக்கிறார் என்பது எங்கள் முற்றத்துக்கும் வந்து சேரும் விஷயம்.

ஒரு பத்திரிகையை அளக்க நான் வைத்திருக்கும் கோல் ஒன்றுதான். பிரித்தானிய உப தபாலதிபர்களின் கதையை அது எப்போது எழுதியது? என் தொழில் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அரசாங்கம், கம்பனி, நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் சேர்ந்து சின்னச் சனத்தைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு கதையில் முழுதாகப் பார்க்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1999இல் இருந்து பிரித்தானியத் தபாலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. புஜிட்சு கம்பனியின் முறை. அது இல்லாத குறைவுகளை இருப்பதாகக் காட்டியது. மாலையில் காசை எண்ணினால் ஒரு தொகை, திரையில் வேறு தொகை. ஒப்பந்தப்படி குறைந்த காசை உப தபாலதிபர்தான் கட்ட வேண்டும். உதவி கேட்டு அழைத்தவர்கள் பலருக்கு, உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது என்று பதில் கிடைத்தது. முறைப்பாடு செய்ததும் தபால் நிறுவனம், விசாரித்ததும் அது, பெரும்பாலான வழக்குகளைப் போட்டதும் அது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிறைக்குப் போனார்கள், வீட்டை விற்றார்கள், ஊராரின் வாயில் கள்ளர் என்று பெயர் வாங்கினார்கள். அவர்களில் தெற்காசியாவில் இருந்து போய்க் கடையும் தபாலகமும் நடத்தியவர்கள் நிறையப் பேர். 13 பேர் வரை இதனால் தம் உயிரை மாய்த்திருக்கலாம் என்று 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையின் முதல் பாகம் சொல்கிறது.

தபாலகத்தில் இருந்தவர்களுக்கு இது வாசிக்கும்போதே வயிற்றைப் பிசையும். எங்களுடைய முறை வேறு. பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு, காசேட்டையும் முத்திரைக் கையிருப்பையும் காசுக்கட்டளைப் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் புள்ளி போட்டுக்கொண்டு வருவோம். முதியோர் கொடுப்பனவு கொடுத்த நாள் ஒன்றில் 2,000 ரூபா குறைந்தது. லாம்பை ஏற்றி வைத்து, பற்றுச்சீட்டுக் கட்டைத் தாள் தாளாக விரல் நுனியால் தடவித் தடவி எண்ணினேன். பெருவிரல் அடையாளம் வைத்த மை காயாமல், இரண்டு சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தது. மெல்லப் பிரித்தபோது இரண்டாவது சீட்டில் முதல் சீட்டின் ரேகை தலைகீழாகப் படிந்திருந்தது. கணக்குச் சரி. பிரித்தானியாவில் இருந்த உப தபாலதிபர்களுக்குத் தேடிப் பார்க்க இப்படி ஒரு கட்டுக் கூடக் கையில் இல்லை. கணக்கு முழுக்க இயந்திரத்துக்குள். வெளியில் இருந்தபடி கம்பனி ஆட்கள் கிளைக் கணக்குக்குள் கைவைக்க முடியும் என்பதையும் தபால் நிறுவனம் வருடக்கணக்காக மறுத்து வந்தது.

சரி, இதை யார் எழுதினார்கள்?

முதலில் எழுதியது கொம்பியூட்டர் வீக்லி. 2009 மே மாதம், ஏழு பேருடைய கதை. கணினித் துறைக்காரருக்கான பத்திரிகை அது. வேல்ஸில் லண்டட்னோ என்ற ஊரில் 2003இல் தன் தபாலகத்தை இழந்த அலன் பேட்ஸ் அந்த ஏழு பேரில் ஒருவர். பிரைவேட் ஐ 2011இல் எடுத்துக்கொண்டது, பிறகு விடவேயில்லை. பிபிசி 2015இல் ஒரு புலனாய்வு நிகழ்ச்சி செய்தது. லட்சக்கணக்கில் விற்கும் பெரிய பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் நாள் தவறாமல் இது வந்தது எப்போது தெரியுமா? 2024 ஜனவரியில், ஐடிவியில் நான்கு பகுதி நாடகமாக வந்த பிறகு. நாடகம் முடிந்து ஒரு கிழமைக்குள் பிரதமர் ரிஷி சுனக் பாராளுமன்றத்தில் எழுந்து, எல்லாத் தீர்ப்புகளையும் சட்டம் போட்டு நீக்குவோம் என்றார். மே மாதம் சட்டமும் வந்தது. அதுவரை என்ன செய்தார்கள்? 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கு 2019இலேயே வென்றுவிட்டதே. 57.75 மில்லியன் பவுண் கொடுத்தார்கள், அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரை விடுவித்தது. அப்போதெல்லாம் அமைச்சர்களுக்குக் கேட்காதது, தொலைக்காட்சி நாடகம் வந்ததும் கேட்டிருக்கிறது.

இதில் என்னால் பொறுக்க முடியாத இடம் ஒன்று உண்டு. 2012இல் இருந்து 2019 வரை தபால் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய போலா வெனல்ஸ் அம்மையாருக்கு 2019 புத்தாண்டில் அரச விருது கொடுத்தார்கள். அந்த நேரம் வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. விருதோடு நிற்கவில்லை, அமைச்சரவை அலுவலகத்தின் நிர்வாக சபையிலும் இடம். லண்டனில் பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் தலைவர் பதவியும் வந்தது. அலன் பேட்ஸுக்குப் பிறகு ஒரு விருது தர முன்வந்தபோது, அந்த அம்மாவிடம் விருது இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை. தங்களுக்குள் விருதையும் பதவியையும் கைமாற்றிக்கொள்ளும் ஒரு வட்டம் அங்கே இருக்கிறது. கட்சி மாறினாலும் அந்த வட்டம் கலைவதில்லை. தபால் துறைக்குப் பொறுப்பாக வந்து போன அமைச்சர்களில் தொழிற்கட்சி, கொன்சர்வேட்டிவ், லிபரல் டெமொகிரட் மூன்று கட்சியும் உண்டு.

இந்தக் கோலை வைத்து அளந்தால் முதலிடம் பிரைவேட் ஐக்குத்தான். இரண்டு கிழமைக்கு ஒன்று வரும் பத்திரிகை. 1961இல் தொடங்கியது. 1986இல் இருந்து இயன் ஹிஸ்லொப் ஆசிரியர். மலிவான தாள், அடர்த்தியான எழுத்து, முன் அட்டையில் பிரபலங்களின் படத்துக்கு வாய்ப்பேச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். பகிடி நிறைய இருக்கும், அது எனக்கு முக்கியமில்லை. நான் நேரே பின்பக்கங்களுக்குப் போவேன். உள்ளூராட்சி சபைகளின் ஊழலுக்கு ஒரு பக்கம், ரயிலுக்கு ஒரு பத்தி, மருத்துவத்துக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று. மற்றப் பத்திரிகைகளின் குட்டை உடைக்கவே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பத்திரிகை முதலாளிக்கு எதிரான செய்தி அவருடைய பத்திரிகையில் எப்படிக் காணாமல் போனது என்று பெயர் சொல்லி எழுதுவார்கள். எந்த நகரசபை உறுப்பினர், எந்த ஒப்பந்தம், எவ்வளவு தொகை என்று கூசாமல் வரும். மான நஷ்ட வழக்குகளைக் கண்டு ஓடாத பத்திரிகை.

குறையும் இருக்கிறது. வெளியாள் ஒருவருக்கு முதல் சில இதழ்கள் சுத்தமாக விளங்காது. ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைத்து எழுதுவார்கள். யார் என்று தெரிய ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். எழுத்து மிகச் சிறியது, ஐம்பது தாண்டியவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் சரிவராது. அதைவிடப் பெரிய குறை, 2002இல் சின்னமுத்து முதலானவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசி பிள்ளைகளைப் பாதிக்கிறது என்று சொன்ன மருத்துவர் அன்ட்ரூ வேக்ஃபீல்டின் பக்கம் நின்று சிறப்பிதழ் போட்டார்கள். அந்த ஆய்வு பொய் என்று பிறகு நிரூபணமானது. தாங்கள் பிழைவிட்டதைப் பின்னால் ஒத்துக்கொண்டார்கள்தான். ஆனால் தடுப்பூசி விஷயத்தில் பிந்தி வரும் மன்னிப்பால் பிள்ளைகளுக்கு எந்தப் பலனும் இல்லை. அதனால் மருத்துவச் செய்தியை இதில் மட்டும் வாசித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

இணையத்தில் பெரும்பகுதி போடமாட்டார்கள். தாளில்தான் வாசிக்க வேண்டும். பெறாமகன் வாசித்து முடித்த இதழ்களைப் பழுப்பு உறையில் போட்டு அனுப்புவான், அல்லது நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் ஆட்களிடம் கொடுத்துவிடுவான். செய்தி பழையதாகித்தான் வரும். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு ஒப்பந்தத்தில் யார் யாருக்கு மச்சான் என்ற தகவல் ஒரு மாதத்தில் ஊசிப்போவதில்லை.

கொம்பியூட்டர் வீக்லியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இணையத்தில் தேடினால் தபாலகக் கதை முழுவதையும் 2009இல் இருந்து தேதி வாரியாக வாசிக்கலாம். மற்றதெல்லாம் கணினித் துறைக்கானது. ஆங்கிலம் வறண்டிருக்கும், ஆனால் தெளிவு. கணினி படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

அடுத்தது கார்டியன். இணையத்தளத்தில் காசில்லாமல் முழுதும் வாசிக்கலாம், விரும்பினால் கொடுக்கச் சொல்லிக் கீழே கேட்பார்கள். தனி முதலாளி இல்லை, ஸ்கொட் ட்ரஸ்ட் என்ற அமைப்பு பின்னால் இருக்கிறது. அந்த வித்தியாசம் வாசிக்கும்போது தெரியும். கொவிட் காலத்துக் கொள்வனவுக் கதையை இவர்கள் தோண்டிய விதம் ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

அந்தக் கதை இதுதான். 2020இல் மருத்துவமனைகளுக்கு முகக்கவசம், மேலங்கி வாங்க அரசாங்கம் அந்தரப்பட்டது. அமைச்சர், எம்.பி., பிரபுக்கள் சபை (தேர்தல் இல்லாத மேல்சபை) உறுப்பினர் யாராவது சிபாரிசு செய்த கம்பனிகளுக்கு முன்னுரிமைப் பாதை ஒன்றைத் திறந்தார்கள். அந்தப் பாதையில் வந்த கம்பனிகளுக்கு ஒப்பந்தம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு என்று தேசிய கணக்காய்வு அலுவலகம் அந்த வருடம் நவம்பரிலேயே எழுதியது. 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தப் பாதை சட்டவிரோதம் என்றது. 2020 மே மாதம் பதிவான பிபிஇ மெட்புரோ என்ற கம்பனிக்கு 200 மில்லியன் பவுணுக்கு மேல் ஒப்பந்தம் போனது. சிபாரிசு செய்தவர் கொன்சர்வேட்டிவ் கட்சியால் பிரபுக்கள் சபைக்குப் போன மிஷெல் மோன். தங்களுக்கும் அந்தக் கம்பனிக்கும் தொடர்பில்லை என்று அவரும் கணவரும் வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். கார்டியன் விடாமல் ஆவணம் ஆவணமாகப் போட்டது. கடைசியில் 2023 டிசம்பரில் தொலைக்காட்சியில் ஒத்துக்கொண்டார்கள். கிருமி நீக்கம் ஒழுங்காகக் காட்டப்படாத 25 மில்லியன் மேலங்கிக்காக ஏறக்குறைய 122 மில்லியன் பவுணைத் திருப்பிக் கட்டச் சொல்லி 2025 ஒக்டோபரில் தீர்ப்பு வந்தது. தீர்ப்புக்கு முதல் நாள் கம்பனியை நிர்வாகிகளிடம் ஒப்படைக்கும் வேலை தொடங்கிவிட்டது. காசு யாரிடம் இருந்து வரும்?

இங்கே ஒரு கிராமசேவகர் நிவாரணப் பட்டியலில் தன் தங்கச்சியின் பெயரைச் சேர்த்தால் பிரதேச செயலகம் வரை முறைப்பாடு போகும். போகத்தான் வேண்டும். அங்கே நூற்றுக்கணக்கான மில்லியன் போகும்போது அதற்கு முன்னுரிமைப் பாதை என்று அலுவலகப் பெயரும் வைத்துவிடுகிறார்கள். இதை நினைக்க எனக்கு எரிகிறது. நல்லாட்சி பற்றி எங்களுக்குப் பட்டறை வைத்துப் பாடம் எடுத்த நாட்டில் இது நடக்கிறது.

கார்டியனில் பிடிக்காததும் உண்டு. கருத்துப் பத்திகள் மிக அதிகம், செய்தியைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒப்சேர்வர் ஞாயிறு பத்திரிகையை விற்கும்போது தங்கள் சொந்தப் பணியாளர்கள் 2024 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தும் கேட்கவில்லை. மற்றவர்களின் தொழிலாளர் உரிமைக்காகத் தலையங்கம் எழுதும் பத்திரிகை அப்படிச் செய்திருக்கக் கூடாது.

டெய்லி மெயில், சன் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். மெயில் ரொதர்மியர் பிரபுவின் குடும்பச் சொத்து. சன் ரூபர்ட் மேர்டொக் குடும்பத்துடையது. இந்த இரண்டு குழுமமும் மிரர், எக்ஸ்பிரஸ் பத்திரிகைகளை வைத்திருக்கும் ரீச் கம்பனியும் சேர்ந்தால் தேசியப் பத்திரிகை விற்பனையில் 90 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். மூன்று கை. எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு பத்திரிகையையும் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருக்க, லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் இளைஞர் ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார். அவர் ஒளித்து ஒளித்து பர்கர் சாப்பிட்டார், பொலிஸின் கமெராவில் பதிவாகியிருக்கிறது என்று அந்த ஒக்டோபரில் இரண்டும் எழுதின. அப்படி ஒரு பதிவே இருக்கவில்லை. அவர் வழக்குப் போட்டு, 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகையும் மன்னிப்புக் கேட்டு 77,500 பவுண் நட்டஈடு கட்டின. மன்னிப்பு எந்த மூலையில் வந்தது என்று யாருக்கு நினைவிருக்கிறது? பர்கர் கதை இன்றைக்கும் அங்கே சிலருடைய வாயில் இருக்கிறது. வெளியே வர முடியாமல் கிடந்த சனத்துக்காகப் பட்டினி கிடந்த பிள்ளையை அப்படி எழுதினார்கள். இந்த இரண்டுக்கும் என் வீட்டில் இடமில்லை. தபாலகக் கதையில் மெயில் பின்னால் நன்றாக எழுதியது, அதை மறைக்கவில்லை. அதற்காக என் முடிவு மாறாது.

டெலிகிராஃபுக்குப் பெறாமகன் காசு கட்டித் தந்தான். எழுத்து அழகு, தமிழில் சொன்னால் கை வந்த எழுத்து. மரண அறிவித்தல் கட்டுரைகளை விரும்பி வாசித்தேன். அரசியல் பக்கம் வந்தால் கட்சிக் கிளை அலுவலகத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பொரிஸ் ஜோன்சன் வருடத்துக்கு 275,000 பவுண் வாங்கிப் பத்தி எழுதிய பத்திரிகை இது. எழுதியவர் பிறகு பிரதமர். பழைய ஆசிரியர் சார்ல்ஸ் மூரை அதே ஜோன்சன் 2020இல் பிரபுக்கள் சபைக்கு அனுப்பினார். ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையின் முதலாளி லெபடேவும் அதே வருடம் பிரபுவானார். அந்தப் பத்திரிகைக்கு 2017இல் ஆசிரியராகப் போனவர் முன்னாள் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன். அமைச்சராக இருந்த மைக்கல் கோவ் இப்போது ஸ்பெக்டேட்டரின் ஆசிரியர். வாசிப்பவர் யாரை யார் கேள்வி கேட்பது என்று தேடினால் ஒரே மேசையைச் சுற்றி எல்லாரும் இடம் மாறி மாறி இருப்பது தெரியும்.

அந்த ஸ்பெக்டேட்டரை 2024இல் 100 மில்லியன் பவுணுக்கு வாங்கிய போல் மார்ஷல்தான் ஜிபி நியூஸ் தொலைக்காட்சியின் பங்குதாரர். யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். 2023 மார்ச்சில் ஆளும் கட்சியின் இரண்டு எம்.பி.க்கள், கணவனும் மனைவியும், தங்கள் கட்சி நிதியமைச்சரையே பேட்டி கண்டார்கள். ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்கொம் அது விதிமீறல் என்றது. படகில் வருபவர்களைப் பற்றி அதில் பேசுவதைச் சில நிமிடங்கள் கேட்டால் போதும். அந்தப் படகுகளில் எங்கள் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். நான் நிறுத்திவிட்டேன்.

பிபிசியைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியை உயிர்ப்பித்து தமிழோசை கேட்ட சனம் நாங்கள். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்போம். மிதி தளர்ந்தால் குரல் தேயும். 1941இல் தொடங்கிய அந்தச் சிற்றலைச் சேவையை 2017 ஏப்ரல் 30உடன் நிறுத்திவிட்டார்கள். இப்போது இணையத்தில் பிபிசி தமிழ் இருக்கிறது, நன்றாகத்தான் செய்கிறார்கள். பிரித்தானிய நிர்வாகத்தில் இருந்த டியேகோ கார்சியா தீவில் 2021இல் கரை சேர்ந்த 89 தமிழர்களின் கதையை ஆங்கில பிபிசி விடாமல் தொடர்ந்தது. தீவுக்குள் போய் நீதிமன்ற விசாரணையைப் பார்க்க வழக்காடி அனுமதி வாங்கினார்கள். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதைச் செய்த செய்தியாளருக்கு என் நன்றி.

ஆனால் மேலே என்ன நடக்கிறது? 2021இல் பிபிசியின் தலைவராக வந்த ரிச்சர்ட் ஷார்ப், கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு 400,000 பவுணுக்கு மேல் நன்கொடை கொடுத்தவர். பிரதமர் ஜோன்சனுக்கு 800,000 பவுண் வரை கடனுக்குப் பிணை ஏற்பாடு செய்யும் விஷயத்தில் ஆட்களை அறிமுகப்படுத்திவிட்டு, அதைச் சொல்லாமல் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். அவரை நியமித்ததும் அதே பிரதமரின் அரசாங்கம். விசாரணை அறிக்கை வந்த பிறகு 2023 ஏப்ரலில் விலகினார். பிரதமராக இருந்த தெரேசா மேயின் ஊடகப் பொறுப்பாளராக இருந்த ரொபி கிப் நிர்வாக சபைக்குப் போனார். செய்தியாளர்கள் தீவுக்குப் போய் வெயிலில் நிற்க, மேலே கதிரையைக் கட்சிக்கு வேண்டியவர்கள் நிரப்புகிறார்கள். 2025 ஏப்ரலில் அங்கே தொலைக்காட்சி பார்க்கும் ஒவ்வொரு வீடும் வருடத்துக்குக் கட்ட வேண்டிய பிபிசி கட்டணம் 174.50 பவுண் ஆனது. அந்தக் காசைக் கட்டும் சனத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்வதில் ஒரு சொல்லும் கிடையாது.

நான் கொன்சர்வேட்டிவ் கட்சியை மட்டும் குறிவைப்பதாக நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் 33.7 சதவீத வாக்கோடு பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிய இடங்களைத் தொழிற்கட்சி எடுத்தது. அந்தத் தேர்தலில்தான் எங்கள் தமிழ்ப் பெண் உமா குமாரனும் எம்.பி. ஆனார், சந்தோஷப்பட்டோம். இரண்டு மாதம் போகவில்லை, பிரதமர் ஸ்டார்மருக்கு உடுப்பும் மூக்குக்கண்ணாடியும் வாங்கிக் கொடுத்த அல்லி பிரபுவுக்கு, பிரதமர் அலுவலகம் இருக்கும் டவுனிங் தெருவுக்குள் போய்வர அனுமதி அட்டையும் கொடுத்திருந்தது வெளிவந்தது. நாட்டின் பிரதமர் தன் கண்ணாடியைத் தன் சம்பளத்தில் வாங்கக் கூடாதா?

முன்னாள் பிரதமர் டேவிட் கமரூனையும் சொல்ல வேண்டும். 2013 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்து உதயன் பத்திரிகை அலுவலகத்தில் எரிந்த அச்சு இயந்திரத்தைப் பார்த்தவர். இங்கே எத்தனை தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு வீதியில் நின்றார்கள். பதவி போன பிறகு 2020இல் கிரீன்சில் என்ற நிதிக் கம்பனிக்காக அமைச்சர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 2023இல் கொழும்புத் துறைமுக நகருக்கு முதலீடு தேடும் கூட்டங்களில் பேசினார். அதே வருட முடிவில் பிரபுவாக்கி, வெளியுறவு அமைச்சராக்கினார்கள்.

இனி நடைமுறை விஷயம். மல்லாவியில் மழை நாட்களில் சிக்னல் விழும்போது கார்டியன் செயலிதான் தாங்குகிறது, இரவில் கட்டுரைகளைச் சேமித்து வைத்தால் அடுத்த நாள் இணைப்பில்லாமலும் வாசிக்கலாம். டெலிகிராஃபில் படங்களும் விளம்பரங்களும் டேட்டாவைத் தின்றுவிடும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இரண்டிலும் உண்டு. பிரைவேட் ஐயின் சிறிய எழுத்துக்கு நான் கைபேசிக் கமெராவைப் பூதக்கண்ணாடியாகப் பிடித்து வாசிக்கிறேன்.

பெறாமகனிடம் டெலிகிராஃப் சந்தாவை நிறுத்தி, அந்தக் காசில் பாதியைக் கார்டியனுக்கு மாதாமாதம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பிரைவேட் ஐ தொடரும். லண்டனில் பிள்ளை இருப்பவர்கள் வெளிநாட்டுச் சந்தா கட்ட வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரில் அங்கேயே கட்டிவிட்டு, வருபவர்களிடம் கட்டாகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், செலவு குறையும். என்னிடம் வந்து சேர்ந்த பழைய இதழ்களை வாசிகசாலையில் வைத்திருக்கிறேன். தபாலகக் கதை வந்த பக்கங்களுக்கு மஞ்சள் தாள் செருகியிருக்கிறது. எடுத்துப் போய் வாசிக்கலாம், பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு எடுங்கள், கிழிக்காமல் திருப்பித் தாருங்கள்.